ஓடும்போது பயமில்லை

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"எம்பொண்ணு ஓடும்போது எனக்கு பயமே இல்ல. ஓட்டத்த நிறுத்துறா பாரு, அப்பதான் உயிரே போவுது."

"இன்னா அண்ணி இப்படி சொல்றீங்க?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"போலீஸ் செலக்‌ஷனுக்குன்னு தெனம் கிரவுண்டுல ஓடுறா இல்ல? போன வாரம் நல்லாத்தான் ஓடி முடிச்சா. நின்னா. நின்ன எடத்துலயே விழுந்துட்டா. ஓடுறப்ப ரத்தத்துல பொட்டாசியம் ஏறுமாம், நின்னதும் மளமளன்னு எறங்கிடுமாம். இவளுக்கு மொதல்லயே கம்மி, ரொம்ப எறங்கினா நெஞ்சே நின்னுடும்னு டாக்டர் சொல்றாரு."

"மெதுவா ஓடச் சொல்றதுதானே?"

"அவரும் அதான் சொன்னாரு. எவ்ளோ வேகமா ஓடுறாளோ, எறக்கமும் அவ்ளோ ஜாஸ்தியாம். கொஞ்ச நாளு ஓடவே வேணாம்னாரு. மெதுவா ஓடினா எவன் வேலை குடுப்பான்னு கேக்குறா."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"சட்டுனு நிக்கக் கூடாதாம். வேகத்த கொறச்சிகினே வந்து, கொஞ்ச நேரம் நடக்கணுமாம். அதையாவது செய்டின்னு கெஞ்சிட்டு வந்தேன்."

அவர் மடியிலிருந்த போன் அடித்தது.

"முடிச்சிட்டியா? உக்காராத. நடந்துகினே பேசு."

பஸ் இரைச்சலில் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு மட்டும் கேக்குதே. நடக்குறியா, நின்னுட்டியா? அம்மாடி, நடக்குறியா?"