வாய் மட்டும் பாக்கி

முகத்தில் வரையக் கஷ்டமானது வாய்தான், சார். பழகிய கை கண்ணை எப்படியும் பிடித்துவிடும். வாய் கொஞ்சம் பிசகினாலும் ஆள் வேறாகிவிடுவார். அதனால்தான் பூட்டுக்காரர் படத்தில் அதைக் கடைசிக்கு விட்டேன்.

என் மாடி அறைக்குக் கீழேதான் அவர் கடை. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறப்பார், தன் வாயைப் பூட்ட மட்டும் தெரியாது. படம் வரைந்து பிழைக்கலாம் என்று இந்த நகரத்துக்கு வந்த எனக்கு, வாசல் வாசலாக ஏறி இறங்கிச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பெரிய ஆளாகாமல் இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று வீட்டில் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன். எந்த முகத்தோடு திரும்பிப் போவேன்? நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் போனில் சொல்லி வைத்திருந்தேன். போனை வைத்ததும் சுவரோரம் உட்கார்ந்து அழுவேன்.

ஒருநாள் பூட்டுக்காரர் படியில் என்னைப் பார்த்து நின்றார். "என்ன தம்பி, சாப்ட்டியா?"

இங்கே வந்தபிறகு என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அம்மா கேட்டபோதெல்லாம் எரிந்து விழுந்திருக்கிறேன். அன்றைக்கு, உங்களை வரைந்து தருகிறேன் அண்ணே என்றேன்.

மதியம் கடையைச் சாத்திவிட்டு மேலே வருவார். அதே கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். படம் சீக்கிரமே முடிந்துவிட்டது. முடிந்தது தெரிந்தால் அப்புறம் எதற்கு வரப்போகிறார்? அவர் இறங்கிப் போனதும் துணியை வர்ணம் கரைக்கும் டர்பண்டைனில் நனைத்து வாயை மட்டும் துடைத்துவிடுவேன்.

"வாய் இன்னும் சரியா வரலண்ணே."

"நான் அதை மூடினாத்தானே வரும்," என்று சிரிப்பார்.

பிறகு, கடையைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். கிளம்புகிற அன்று மகள் கீழே சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லிக்கொண்டு போக மேலே வந்தார். "வந்த வரைக்கும் போதும்பா. வாய் இல்லாட்டி வீட்ல சந்தோஷப்படுவாங்க."

அவர் முகம் கழுவப் போனபோது, அவருடைய பையிலிருந்த நெஞ்சுவலி மாத்திரையை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தேடிக்கொண்டு திரும்பி வருவார் அல்லவா? அவ்வளவுதான் நினைத்தேன்.

வந்தார். படியேறியதில் மூச்சு வாங்கியது. "மாத்திரைய இங்க விட்டுட்டேனா பாரு தம்பி." நெஞ்சைப் பிடித்தபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தேடுறேண்ணே. கொஞ்சம் உக்காருங்க," என்றேன்.

கொடுத்தால் எழுந்து போய்விடுவார். எனக்கு மனம் வரவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டுத் தூரிகையை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வாய் அசையவே இல்லை.

மகள் வந்து தட்டினாள். "அப்பா அசந்து தூங்குறார்ங்க, முழிச்சதும் அனுப்புறேன்," என்று உள்ளேயிருந்தே சொன்னேன். அவள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கதவை உடைத்து வரும்போது படம் முடிந்திருந்தது. நன்றாகவே வந்திருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் அவரைக் கொஞ்சம் உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு வருத்தம் மட்டும் உண்டு. காலையிலிருந்து என்னென்னவோ கேட்கிறீர்கள். சாப்பிட்டாயா என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.