கடைக்குட்டியை இங்கேயே உடைங்க

இல்ல தம்பி, லாரியில ஏத்த வேண்டாம். இங்கயே, இந்த ஜன்னலுக்கு நேரா வச்சே உடைச்சிருங்க. சத்தம் வந்தா வரட்டும், அக்கம்பக்கத்துல சொல்லி வச்சுட்டேன்.

ஓடும், ஏன் ஓடாது? சாவியப் போட்டா ஒரே திருகுல கிளம்பும். அறுபது வருஷத்து வண்டின்னா நம்ப மாட்டீங்க. பழைய இரும்பு எடுக்கற உங்களுக்கே இத உடைக்க மனசு வரலன்னு தெரியுது. செத்த உட்காருங்க, அப்புறம் ஆரம்பிக்கலாம்.

கட்டில்ல இருக்கறது எங்க வீட்டுக்காரர். போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு. வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. காது நல்லாக் கேக்கும், கண்ணும் தெரியும். நீங்க குரலத் தாழ்த்த வேண்டியதில்ல.

இவருகிட்ட மூணு வண்டி இருந்துச்சு, மூணும் பழங்காலத்துக் காரு. மூத்தவ, நடுவுள்ளவ, கடைக்குட்டின்னுதான் கூப்பிடுவார். மூத்தவ கறுப்பு, நல்லா உருண்டு திரண்டு இருப்பா. கல்யாணமான புதுசுல அதுலதான் எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தார். கியர் மாத்தத் தெரியாம நான் முழிப்பேன். என் கை மேல அவர் கைய வச்சு மாத்துவார். கியர் விழுந்த பிறகும் கைய எடுக்க மாட்டார். பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

நடுவுள்ளவ பச்சை. கதவச் சாத்தினா டப்புன்னு கனமா ஒரு சத்தம், அதக் கேக்கறதுக்குன்னே ரெண்டு தடவை சாத்துவேன். லீவு நாள் பூரா உட்கார்ந்து மெழுகு போட்டுத் துடைப்பார். மழைத்தண்ணி ஒரு பொட்டு பட்டுச்சுன்னா அன்னிக்கு வீட்டுல யாரும் சிரிக்கக் கூடாது.

அவங்க ரெண்டு பேரையும் வித்தாச்சு. நான்தான் வித்தேன். கையெழுத்துப் போட முடியாதே, இடது கட்டைவிரலப் பிடிச்சு நானே உருட்டி வச்சேன். மூத்தவள கல்யாண வாடகைக்கு விடறவர் வாங்கிட்டுப் போனார். ரோஸ் கலர் அடிச்சுட்டாராம். வாசலுக்குக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன், காட்டிட்டுப் போனார். நடுவுள்ளவள கோழிப்பண்ணைக்காரருக்குக் குடுத்தேன். இன்ஜினக் கழட்டிட்டு உள்ள கோழி அடைக்கறார். போட்டோ அனுப்பினார். பெருசாக்கி ஒட்டியிருக்கேன் பாருங்க, அவர் கால்மாட்டுச் சுவத்துல. ஸ்டியரிங் மேல சேவல் நிக்குது. சிரிக்கலாம் தம்பி, நான் தினமும் சிரிக்கறேன்.

கொடுமைக்காரின்னு நினைக்கறீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. வேளாவேளைக்கு நான்தான் ஊட்டறேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கறேன். முதுகுல ஒரு புண்ணு கிடையாது, டாக்டரே பாராட்டினார். இவரு ரொம்ப நாள் இருக்கணும்.

என்ன செஞ்சாரா? பெருசா ஒண்ணும் செய்யல.

எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. ஆறு வயசு. ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில இருந்து ஓயாம வாந்தி. மத்தியானம் கண்ணு சொருக ஆரம்பிச்சிருச்சு. வாசல்ல மூணு வண்டியும் நிக்குது. சாவியக் குடுங்க, நானே ஓட்டிக்கறேன்னு கால்ல விழுந்தேன். முன்னால நின்னது இந்தக் கடைக்குட்டிதான். புதுசா தோல் சீட்டு தச்சுப் போட்டு மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு. சீட்டுல வாந்தி எடுத்துருவா, பஸ்ல கூட்டிட்டுப் போன்னார். சாவியச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, துணிய எடுத்துத் திரும்பவும் துடைக்கப் போயிட்டார்.

நாப்பது நிமிஷம் ஸ்டாப்புல நின்னேன். பஸ் வந்துச்சு, ஏறினேன். மூணாவது ஸ்டாப் தாண்டினதும் கண்டக்டர்தான் சொன்னார், அம்மா, குழந்தையக் கொஞ்சம் பாருங்கன்னு.

முப்பத்தொரு வருஷமாச்சு. நடமாட்டம் இருந்த வரைக்கும் சாவி அவர் இடுப்ப விட்டு இறங்கல.

சரி, எழுந்திருங்க. மொதல்ல அந்தப் பின் சீட்டக் கழட்டி வெளிய போடுங்க. மெதுவாச் செய்யுங்க, அவசரமில்ல. நான் இவருக்கு இன்னொரு தலகாணி வச்சு நிமிர்த்தி உட்கார வச்சுடறேன்.