றாஸிக் மாஸ்டரின் எலும்புச் சாறு

— எலும்புச் சாறு எண்டுறது சமையல் இல்ல தங்கேஸ்வரியக்கா, அது ஒரு ஞானம். நாக்கால சமைக்கிறவன் கோக்கி. கண்ணால சமைக்கிறவன்தான் மாஸ்டர். கொரியாவுல ஆறு வருஷம் சூப்புக் கடையில நான்...

— றாஸிக் தம்பி, ஞானத்தப் பொறகு கேக்கன். பான பொங்கி அடுப்பு நூந்து போச்சு.

— நூந்தா மூட்டுங்க. அதுக்கு மூடி போடப்படாதெண்டு காலையிலயே சொன்ன நான்.

— எதுக்கு?

— அதான்... அந்தச் சாமானுக்கு.

— பண்டி எலும்பெண்டு சொல்லுங்களன். வாய் வெந்திருமா?

— இந்தப் போன்ல ஸ்பீக்கர் மட்டுந்தான் வேல செய்யிது அக்கா. பக்கத்துல ஸுல்பிகா மீன் அரியிறா.

— மீனும் அரியிறன், ஞானமும் கேக்கன். வீட்டுல ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியாத மனிசன், சாய்ந்தமருதுல இருந்துக்கிட்டு சொறிக்கல்முனையில சூப்பு வைக்கார்!

— சிரியாதீங்க ஸுல்பிகா தங்கச்சி. பன்ரெண்டரைக்கு மாப்பிள்ள வீட்டார் வாறாங்க. பொடியன் கொரியாவுல நிண்டவன். எங்கட மனிசன் சும்மா கிடக்காம, ‘அங்கத்தப் பண்டிச் சூப்ப எங்கட சுஜித்தா நல்லா வைப்பா’ எண்டு வாய விட்டுட்டார். அவள் நூடில்ஸ் அவிச்சாலே அடிப்பிடிக்கும்.

— பயப்படாதீங்க அக்கா. மொதல் கொதிச்ச தண்ணிய வெளிய ஊத்தினீங்களா?

— ஊத்தி, எலும்பக் கழுவி, புதுத் தண்ணி வச்சு, இஞ்சி, உள்ளி எல்லாம் போட்டாச்சு. விடிய அஞ்சு மணியிலிருந்து கொதிக்கிது. தேங்காப்பால் மாதிரி நிறம்.

— அப்ப சரி!

— சரியா இல்லியா எண்டுதானே கேக்கன்? கரண்டியில எடுத்து ருசி பாத்தன். முன்னப்பின்ன குடிச்சிருந்தாத்தானே தெரியும்? நீங்க சொல்லுங்க, என்ன ருசியா இரிக்கோணும்?

— ருசியா?

— ஓம், ருசி.

— அல்லாஹ்வே! ஒரு துளி என்ட நாக்குல பட்டதில்ல அக்கா.

— ஆறு வருஷமும்?

— ஆறு வருஷமும். பெக்டரிக்கெண்டு போனவன் குசினியில மாட்டின நான். உப்புக் கூட கடக்காரக் கிழவன்தான் பாப்பான்.

— கேளுங்க அக்கா, மூக்குல பஞ்சு அடைச்சிக்கிட்டுத்தான் சமைச்சவராம். பள்ளிவாசல் நிருவாகத்துக்கு வரச் சொல்லி இவரக் கேக்க வந்த ஆக்களுக்கும் அதத்தான் சொன்னவர். சுப்ஹானல்லாஹ் எண்டுட்டுப் போனாங்க. நாளையிண்டைக்குத் தெரிவு.

— கொஞ்சம் சும்மா இரி புள்ள.

— தம்பி, ருசிய விடுங்க. எப்ப இறக்கிறதெண்டு நீங்க எப்பிடிக் கண்டுபிடிச்ச? அத மட்டும் சொல்லுங்க.

— அது வந்து... குமிழி. குமிழி சின்னனாகும்.

— இஞ்ச சின்னனும் வருகுது, பெரிசும் வருகுது.

— எண்ண மினுங்கும்.

— அது விடியத் தொட்டு மினுங்குது. ஐயோ, ஒழுங்கையில வேன் சத்தம் கேக்கிது. என்ட பிள்ளைட வாழ்க்க தம்பி! இறக்கவா, விடவா?

— மணத்தப் பாருங்க அக்கா.

— மணமா? பஞ்சு அடைச்ச மூக்குக்கு என்ன மணம்?

— பஞ்செல்லாம் ஒண்டுமில்ல ஸுல்பிகா.

— தம்பி, வேன் வாசல்ல நிண்டுட்டு! எப்பிடி மணக்கோணும்?

— அதெனக்குச் சொல்லத் தெரியா அக்கா. எனக்கு வாயூறும். ஊறின உடன இறக்கிருவன்.