ஜிப்புக்குள் இரண்டு ஜாதகம்

“பிரிக்காதேடி, வைரஸ் இருக்கும். உள்ளே என்ன இருக்குன்னு மட்டும் பாரு.”

மாட்டுங்காவில் மும்பை லோக்கல் ரயில் ஏறி, லேடீஸ் டப்பாவில் என் எதிரே உட்கார்ந்த அம்மாள்தான், போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகளிடம் அப்படிச் சொன்னாள்.

“பையனாத்துலேர்ந்து வந்த ஜிப் ஃபைல்தானேம்மா? தொட்டாலே லிஸ்ட் காட்டறது. போட்டோ, பயோடேட்டா, ஜாதகம்... இன்னொரு ஜாதகம்.”

“ரெண்டா?”

“ஒண்ணுக்கு ‘ஜாதகம் ஒரிஜினல்’னு பேர். இன்னொண்ணு ‘ஜாதகம் பொண்ணாத்துக்கு’.”

“நெனச்சேன்! அந்தப் பையனோட அம்மா குழையறச்சேயே நெனச்சேன். வேண்டாம்னு சொல்லிடலாம்.”

குர்லாவில் வண்டி நின்று கிளம்பியது. பிறகு தாயின் குரல் தாழ்ந்தது.

“ஏண்டி, நாம அனுப்பினதும் ஜிப்தானே? அதுலேர்ந்து பழைய ஜாதகத்தை எடுத்துட்டியோன்னோ?”

“எடுக்கணும்னு நீ சொல்லவே இல்லையேம்மா.”