ஐந்தாவது முத்திரை

இருங்க சார், அந்த முத்திரைய மைப்பெட்டியிலயே வையுங்க. ஒரு நிமிஷம். என் தீசிஸ் ஒப்புதல் தாள்ல நாலு பேராசிரியருங்க குத்திட்டாங்க, என் வழிகாட்டி நீங்க, உங்களுதுதான் பாக்கி. தீசிஸ் குடுக்க அஞ்சு மணிதான் கடைசி. எல்லாம் தெரியும் சார். நாலேகால்தான ஆகுது.

பயமெல்லாம் இல்ல. இல்ல, பொய் சொல்றேன், இருக்கு. நம்ஹே தீவுல எங்க ஊர் முக்குல எங்கப்பா பேனரே கட்டிட்டாரு. நெத்திலி காயப்போடுற மா தல்சு மக ஒன்ஜு டாக்டர் பட்டம் வாங்கிட்டான்னு. இன்னும் வாங்கலப்பான்னேன். நாலு முத்திரை விழுந்துருச்சு, அஞ்சாவது விழாமலா போயிரும்ங்கறாரு.

நானும் அவரு மகதான சார். தீசிஸ்ல ஒரு துணைத்தேற்றத்தப் பத்தாயிரம் வரைக்கும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன், ஒரு எண்கூடத் தப்பல. அதுக்கு மேலயும் தப்பாதுன்னு இருந்துட்டேன்.

நாப்பத்தோராம் பக்கம் சார். ஆமா, அந்தத் துணைத்தேற்றம். அதுக்குக் கீழ நிரூபணமே இல்ல, இது வெளிப்படைன்னு ஒத்த வரி. நாலு பேர்ல ஒருத்தரும் அங்க நிக்கல. வெளிப்படைன்னு எழுதிட்டா யாரு கேப்பா? கேட்டா, இதுகூடப் புரியலையான்னு ஆயிருமே.

உள்ளுணர்வுதான் முக்கியம், கறாரான நிரூபணமெல்லாம் அப்புறமா வீடு கூட்டுற வேலைன்னு வகுப்புல சொல்வீங்கல்ல. நேத்து சாயங்காலம் கூட்டத்தான் உக்காந்தேன். அச்சுக்குப் போகுதே, அந்த ஒரு வரிய நாலு வரியா எழுதிருவோம்னு. மூணாவது வரி வரவே இல்ல சார். பதினாறாயிரத்து எண்ணூத்தி ஏழுல உடையுது. ஏழோட அஞ்சாம் அடுக்கு. கையால மூணு தடவ போட்டேன்.

அப்புறம் திருத்திக்கலாம்னா? எங்கப்பா மாதிரியே பேசறீங்க. பேனர அவுக்கச் சொல்லி மத்தியானமே போன் பண்ணிட்டேன் சார். காத்து ஜாஸ்தி, அதான் அவுத்தேன்னு ஊர்ல சொல்லிக்கறேன்னாரு.

என் பட்டம் அடுத்த வருஷம் வந்தா வரட்டும். அதச் சொல்ல இவ்ளோ தூரம் இழுக்க மாட்டேன். அந்த வரி நான் யோசிச்சு எழுதினது இல்ல சார். உங்களுக்கு விருது வாங்கிக் குடுத்த கட்டுரையில இருந்து அப்படியே எடுத்தது. அங்கயும் வெளிப்படைன்னுதான் போட்டிருக்கீங்க. கீழ ஒண்ணும் இல்ல.

சார், மைப்பெட்டியில இருந்து கைய எடுங்க. உங்க சட்டைக் கையெல்லாம் மை ஆகுது.