இடது கையில் காபி

எல்வுட்: உள்ள போ... இன்னும் கொஞ்சம்... ம்ஹூம், உறையில பாதியிலயே நிக்குது.

நான்: யாரோட சண்டை, துப்பாக்கியோடயா, தோலோடயா?

எல்வுட்: தோலோட. போன வாரம் தச்சு வந்த உறை, ஆனா 1943-ல சிப்பாய் கட்டின மாதிரி இருக்கணுமாம். இவ்வளவு விறைப்பா எந்தச் சிப்பாய் கட்டியிருப்பான்?

நான்: வருஷத்துல ஒரு தடவை, செப்டம்பர்ல உங்க குழு பழைய சண்டையை நடிச்சுக் காட்டப் போடற வேஷம். அதுக்கு ஜனவரியிலயே இந்தப் பாடு. எண்ணெய் தடவேன்.

எல்வுட்: ஐயோ, வேண்டாம். எண்ணெய் விட்டா தோல் துவண்டு தொங்கிடும். சோதனை வெக்கற மெர்வின் மோந்து பாத்தே வெளிய தள்ளிடுவான்.

நான்: மூணு வருஷமா தள்ளிக்கிட்டுதானே இருக்கான்.

எல்வுட்: ஞாபகப்படுத்து, நல்லா ஞாபகப்படுத்து... அந்த மெழுகுத் தாளைக் கொடு. துப்பாக்கிக்கு ரெண்டு சுத்து. உள்ள திணிச்சு வெச்சா தோல் அந்த அளவுக்குத் தானா இளகும்.

நான்: அப்படியே விட்டுடறதா?

எல்வுட்: ராத்திரிக்கு மட்டும். காலையில எடுத்துத் துடைக்கணும், இல்லன்னா துரு ஏறும். பொறுமைதான் வேணும்.

நான்: அதை உன்கிட்ட நான் பாத்ததில்ல.

எல்வுட்: இந்தத் தடவை பாரு. வாசல்ல பனியைத் தள்ளிட்டு வந்துடறேன். காபி போட்டு வை, அர்லீன்.

*

மெர்வின்: அடுத்து யாரு... அர்லீனா? வேடிக்கை பாக்கறவங்க கயித்துக்கு அந்தப் பக்கம்.

நான்: வேடிக்கை பாக்க வரல, மெர்வின். சோதனைக்கு எல்வுட் இடத்துல வந்திருக்கேன்.

மெர்வின்: அவன் சட்டையா இது?

நான்: சட்டை, பெல்ட், உறை. கை நீளத்தை மட்டும் குறைச்சுத் தச்சேன். அவன் சாவு வீட்டுல நீ என்கிட்ட ஒண்ணு சொன்னியே.

மெர்வின்: சொன்னேன்... அவன் சாமானை யாராவது கட்டிக்கிட்டு வந்து சோதனையில தேறினாதான் நம்ம குழுவுல அவன் பேர் நிக்கும். இல்லன்னா பேரை அடிச்சுடுவோம். விதி அது.

டுவேன்: சுலபம் இல்ல, மேடம். இடது கையில விளிம்பு வரைக்கும் காபி. வலது கை ஒண்ணாலயே உறை மூடியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, திரும்ப வெக்கணும். ஒரு சொட்டு சிந்தினா வெளிய.

நான்: தெரியும், டுவேன். அந்தக் கறையை மூணு வருஷம் துவைச்சவ நான்.

டுவேன்: போன வருஷம் அவர் இழுத்த இழுப்புல பெல்ட்டும் சேர்ந்து மேல வந்துச்சு. பேன்ட் மட்டும்தான்...

மெர்வின்: வாயை மூடு, டுவேன். துப்பாக்கி காலிதானே? காட்டு... சரி. உறையைக் கழட்டிக் கொடு.

நான்: மோந்து பாத்துக்கோ.

மெர்வின்: எண்ணெய் இல்ல... தண்ணியில ஊறப் போட்டியா?

நான்: இல்ல.

மெர்வின்: எட்டு மாசத்துல இப்படி இளகாதே. வேற ஏதோ வாடை... என்ன இது?

நான்: கோழி.

டுவேன்: கோழியா?

நான்: முடிஞ்சப்புறம் சொல்றேன். காபியை ஊத்து. இன்னும்... இன்னும். அவனுக்கு ஊத்தின அளவுக்கு ஊத்து.

மெர்வின்: விளிம்பு வரைக்கும் வந்தாச்சு.

நான்: இப்போ சரி.

மெர்வின்: எடு.

டுவேன்: கட்டைவிரலாலயே மூடியைத் தட்டிவிட்டாங்க... வெளிய வந்துடுச்சு. பெல்ட் அசையவே இல்ல, மெர்வின்.

மெர்வின்: கோப்பையைப் பாருடா, கோப்பையை.

டுவேன்: அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு சொட்டு இல்ல... உள்ள போயிடுச்சு. பித்தளைக் குமிழ்ல மூடியையும் மாட்டியாச்சு.

மெர்வின்: இன்னொரு தடவை.

நான்: எத்தனை தடவை வேணும்னாலும்.

டுவேன்: இந்தத் தடவை குனிஞ்சுகூடப் பாக்கல... டேய், எல்லாரும் இங்க வாங்கடா. எல்வுட் தேறிட்டாரு.

நான்: சரியாச் சொன்னே... மெர்வின், காபியில சர்க்கரையே இல்ல.

மெர்வின்: அதைக் குடிச்சே முடிச்சுட்டியா? எப்படி, அர்லீன்... இது எப்படி?

நான்: பனி தள்ளப் போனவன் வாசல்லயே விழுந்துட்டான். உறை மேசைமேல இருந்துச்சு, அவன் சுத்தின தாளோட. அவன் சொன்ன மாதிரியே செஞ்சேன். ராத்திரி துப்பாக்கியை உள்ள வெப்பேன், காலையில எடுத்துத் துடைப்பேன். அப்புறம் இடுப்புல கட்டிக்கிட்டு முட்டை எடுக்கப் போவேன். இடது கையில கூடை. மிச்சம் ஒரு கைதானே? சேவல் பாய வரும்போதெல்லாம் உருவுவேன்.

டுவேன்: முட்டை உடையலயா?

நான்: முதல் மாசம் உடைஞ்சதை எண்ணவே இல்ல. இப்போ சேவல்தான் என்னைப் பாத்து ஓடுது.

மெர்வின்: தினமுமா?

நான்: கோழிக்கு லீவு கிடையாதே.

மெர்வின்: டுவேன், நீ போய் மத்தவங்களை வரிசையில நிறுத்து... அர்லீன், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. அன்னைக்கு உன் முகத்தைப் பாத்தேன். யார் பேசினாலும் உன் காதுல விழல. உனக்கு ஏதாவது ஒரு வேலை வேணும்னு தோணுச்சு... அங்கயே நின்னு நானா அடிச்சுவிட்டது அது. அப்படி ஒரு விதியே கிடையாது.

நான்: தெரியும். பதினாலு பக்க விதிப் புத்தகத்தையும் எல்வுட் சொல்லச் சொல்ல டைப் அடிச்சவ நான்தான். பேர்ப் பட்டியலும் என்கிட்டதான் இருக்கு, மெர்வின். அவன் பேரு ஏழாவது. இன்னும் அங்கயேதான் இருக்கு.