மோர் என்று கூப்பிடுகிற பிள்ளை

பின்னேரம் ஐந்து மணி. ஐந்து மணிக்கு என்ன பேய் என்று கேட்காதீர்கள். நவம்பரில் டென்மார்க்கின் ஓகூசுக்கு நாலரைக்கே கண் தெரியாது. நகரத்துக்கு வெளியே, இரண்டு பக்கமும் உழுது போட்ட வயல், நடுவில் ஒற்றை ரோட்டு. மழை வேறு. அந்த ரோட்டில் மரியநாயகியின் கார் மட்டும்.

மரியநாயகி யாரென்றால், எங்கள் விமலராணியின் ஒன்றுவிட்ட தமக்கை. விமலராணியை உங்களுக்குத் தெரியும், கண் மூக்கு வைத்துக் கதை சொல்கிற ஆள் இல்லை. அவர் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். தேத்தண்ணி வேண்டியவர்கள் இப்பவே எழும்பிப் போங்கள். பிறகு ஒருத்தரும் தனியாகக் குசினிக்குப் போகமாட்டீர்கள்.

அந்த ரோட்டு முடிகிற இடத்தில்தான் பல்கலைக்கழகப் பெண்களின் உதைபந்தாட்ட மைதானம். மரியநாயகியின் ஒரே மகள் நிலானி அங்கே கோல் காக்கிறவள். வயது இருபது. தமிழ் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் டேனிஷ்தான். தாயையும் டேனிஷ்காரர் கூப்பிடுகிற மாதிரி "மோர்" என்றுதான் கூப்பிடுவாள்.

"என்னடி மோர்? நானென்ன சட்டிக்குள்ளையோ இருக்கிறன்?" என்று மரியநாயகி பகிடி விட்ட காலமும் உண்டு. அன்று காலை பகிடி இல்லை, சண்டை. "இனி நீ அம்மா எண்டு தமிழில கூப்பிட்டாத்தான் நான் திரும்பிப் பார்ப்பன்!" என்று கத்திவிட்டு, முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். பகல் முழுக்க மனம் கேட்கவில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? பிள்ளையைச் சமாதானப்படுத்தி ஏற்றிக்கொண்டு வரத்தான் அந்த மழைக்குள் ஓடினார்.

மைதானத்தில் ஈ காக்காய் இல்லை. நாலு பெரிய விளக்கும் அணைந்து கிடந்தன. கேற் திறந்திருந்தது. கோல் வலையின் கொளுக்கி ஒன்று காற்றில் கம்பியில் அடித்தது... டக்... டக்... செயற்கைப் புல்லில் தூவின ரப்பர் மணிகள் மழையில் நனைந்து மணத்தன. அதற்குள் இன்னொரு மணம். கனகாலம் பூட்டிக் கிடந்த உடுப்புப் பெட்டியைத் திறந்த மாதிரி.

"நிலானி!"

பதில் இல்லை.

"கோவமோ பிள்ளை? அம்மா வந்து நிக்கிறன். வா."

உடுப்பு மாற்றும் அறையிலிருந்து மைதானத்துக்கு வருகிற இருட்டு வழிக்குள் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அடியில் முள் வைத்த சப்பாத்து. கிளிக்... கிளிக்... பிறகு நின்றது.

"ஓம் அம்மா. வாறன்."

மரியநாயகிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருபது வருஷமாகக் காத்திருந்த சொல் அல்லவா? கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்கு ஓடினார். பின்னால் வந்தது முன் சீற்றில் ஏறி இருந்தது. தொப்பி முகம் வரைக்கும் இழுபட்டிருந்தது. பெல்ற் போடவில்லை. சீற்றில் ஆள் இருந்து பெல்ற் போடாவிட்டால் அந்தக் கார் கீச்சிட்டு ஊரைக் கூட்டும். அன்று கீச்சிடவில்லை. அது அவருக்குப் பிறகுதான் உறைத்ததாம்.

"குளிருதோ பிள்ளை?"

"இல்லை அம்மா."

"பசிக்குதோ?"

"ஓம் அம்மா... கனநாளாப் பசிக்குது."

இதென்ன கதை என்று யோசிப்பதற்குள் போன் அடித்தது. காரின் திரையில் பெயர் விழுந்தது. நிலானி.

"எடுக்காதேங்கோ அம்மா."

மரியநாயகியின் விரல் ஏற்கெனவே அழுத்திவிட்டது.

"மோர்! எங்கே நிற்கிறாய்?" டேனிஷில் ஒரே கத்தல், அழுகை. உடுப்பு மாற்றும் அறைக் கதவு இறுகித் திறக்க முடியாமல் போய்விட்டதாம். இப்போதுதான் திறந்ததாம். எல்லோரும் போய்விட்டார்களாம். கேற்றடியில் தனிய நிற்கிறாளாம். அதோடு போன் செத்துவிட்டது.

நீங்களும் நானும் என்றால் கதவைத் திறந்து வயலுக்குள் பாய்ந்திருப்போம். மரியநாயகி பாயவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிள்ளை அங்கே இருட்டில் நிற்கிறாள், அது ஒன்றுதான் தலைக்குள். அந்த ஒற்றை ரோட்டிலேயே காரை வெட்டித் திருப்பினார்.

"திரும்பாதேங்கோ அம்மா." மெல்லிய குரல், காதுக்குக் கிட்ட. "நான் இருக்கிறன்தானே..."

"மாதாவே... மாதாவே..." வேறு ஒன்றும் அவர் வாயில் வரவில்லை.

கேற்றடியில் கார் வெளிச்சத்தில் நிலானி நின்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெப்பமாக நனைந்து. அப்போதுதான் மரியநாயகி பக்கத்துச் சீற்றைப் பார்த்தார். ஆள் இல்லை. சீற் ஊறிப்போய்க் கிடந்தது. நிலானி ஓடி வந்து அதே சீற்றில் இருந்து கதவை அடித்துச் சாத்தினாள்.

மரியநாயகி வாய் திறக்கவில்லை. ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். வயல் கழிந்தது, முதல் வீட்டு வெளிச்சம் தெரிந்தது. அப்போது பக்கத்துச் சீற்றிலிருந்து:

"ஏன் அம்மா கதைக்கிறீங்கள் இல்லை?"

நல்ல தமிழ். காலைச் சண்டையை நினைத்துத் தாய்க்காகப் பிள்ளை கஷ்டப்பட்டுச் சொன்ன தமிழாக இருக்கலாம். இருக்கத்தானே வேணும்? ஆனால் மரியநாயகிக்கு உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிட்டது.

இது நடந்து இரண்டு வருஷம். நிலானி விளையாட்டை விட்டுவிட்டாள். வீட்டில் தமிழைத் தவிர வேறொன்றும் கதைப்பதில்லை. சனங்களும் தாயைப் பிடித்து, நல்லா வளர்த்திருக்கிறீங்கள் என்று புகழ்கிறார்கள்.

போன கிழமை விமலராணி அங்கே போனாராம். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே குசினியில் மரியநாயகி மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த உடைந்த டேனிஷில் கெஞ்சிக்கொண்டிருந்தாராம். ஒருக்கா, ஒரேயொருக்கா என்னை மோர் எண்டு கூப்பிடு பிள்ளை என்று.

பிள்ளை சிரித்ததாம்.

"ஏன் அம்மா?"